சடங்கின் வாயிற்படி: 2021 கர்வா சௌத் விளம்பர எதிர்ப்பு, ஒரு மறுவாசிப்பு

தன்பால் இணையர் இடம்பெறும் விளம்பரங்களுக்கு இந்தியாவில் எழும் எதிர்ப்பை, சட்டத்தின் வேகத்துக்குச் சமூகம் இன்னும் ஈடுகொடுக்கவில்லை என்று விளக்குவது வழக்கமாகிவிட்டது. நிகழ்வுகளின் கால வரிசை இவ்விளக்கத்துக்கு இடங்கொடுப்பதில்லை. 2015இல் மிந்த்ராவின் அனூக் ஆடை விளம்பரம், பெற்றோரின் வருகைக்காக ஆயத்தமாகும் இரு பெண்களைக் காதலராகக் காட்டியது. அப்போது தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு நடைமுறையில் இருந்தும் அது பரவலான பாராட்டைப் பெற்றது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தன்பால் உறவைக் குற்றமற்றதாக்கியது. அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின் வந்த டாபரின், சருமத்தை வெளிறச் செய்யும் ஃபெம் ப்ளீச் விளம்பரமோ மன்னிப்புடன் திரும்பப் பெறப்பட்டது.

ஃபெம் விளம்பரத்தில் இரு பெண்கள் கர்வா சௌத் நோன்புக்கு ஆயத்தமாகின்றனர். மூத்த பெண் ஒருவர் இருவருக்கும் சேலை தருகிறார். இரவில் இருவரும் சல்லடை வழியே நிலவையும் பின்னர் ஒருவரையொருவரும் பார்க்கின்றனர். காதலைக் காட்டும் தனிக்காட்சி எதுவும் இல்லை. மனைவி கணவனுக்காகச் செய்யும் சடங்கே உறவின் சான்றாக நிற்கிறது.

விவாதத்தின் மையச் சான்று, மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சராக இருந்த நரோத்தம் மிஸ்ராவின் கூற்று. இந்துப் பண்டிகைச் சடங்குகளை வைத்து மட்டுமே இத்தகைய விளம்பரங்கள் எடுக்கப்படுகின்றன என்றார். இன்று இரு பெண்கள் கர்வா சௌத் கொண்டாடுவதைக் காட்டுபவர்கள் நாளை இரு ஆண்கள் திருமணத்தில் தீவலம் வருவதையும் காட்டுவார்கள் என்றும் எச்சரித்தார். இதை வெறும் தன்பாலின வெறுப்பாக வாசிப்பது போதாது. கூற்று நோன்பிலிருந்து நேரே தீவலத்துக்குத் தாவுகிறது. இடையில் உடலோ ஒழுக்கமோ பேசப்படவில்லை. அச்சம் திருமணத்தைப் பற்றியது. தில்லி உயர் நீதிமன்றத்தில் தன்பால் திருமண வழக்குகள் அப்போது நிலுவையில் இருந்தன. தன்பால் இணையர் சேர்ந்து வாழ்வதை, கணவன், மனைவி, குழந்தைகள் என்ற இந்தியக் குடும்ப அமைப்புடன் ஒப்பிட இயலாது என 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அங்கே வாதிட்டிருந்தது. அமைச்சரின் கூற்று அந்த வாதத்தின் மேடை வடிவம்.

மற்ற விளம்பரங்களும் இவ்வாசிப்புக்கு வலுச் சேர்க்கின்றன. 2020 அக்டோபரில் தனிஷ்க் திரும்பப் பெற்ற விளம்பரத்தில் தன்பால் உறவே இல்லை. இந்து மருமகளுக்கு முஸ்லிம் குடும்பம் அவளுடைய மரபுப்படி வளைகாப்பு நடத்துவதே அங்கே சினத்தைக் கிளப்பியது. 2021இல் கேரளத்தின் பீமா நகைக்கடை, ஒரு திருநங்கையை மணப்பெண்ணாகக் காட்டிப் பாராட்டுப் பெற்றது. அதிலும் சடங்கு உண்டு என்பது, சடங்கே எதிர்ப்பைத் தூண்டுகிறது என்ற கருத்துக்கு எதிரான வலுவான சான்றாகத் தோன்றலாம். ஆனால், அங்கே மணப்பெண் என்ற இடம் மாறவில்லை. அவ்விடத்துக்கு வருபவரே மாறினார். ஃபெம் விளம்பரத்தில் கணவன் என்ற இடமே இல்லாமற்போனது. சில விளம்பரங்களைக் கொண்டு பொதுவிதி வகுக்க முடியாது எனினும், எதிர்ப்பின் எல்லைக்கோடு சடங்கின் வாயிலில் விழுகிறது என்பது தெளிவு.

நிறுவனத்தின் மன்னிப்பையே மக்கள் மனம் புண்பட்டதற்குச் சான்றாகக் கொள்வோர் உண்டு. விளம்பரத்தை நீக்காவிட்டால் சட்ட நடவடிக்கை என்று காவல்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் எச்சரித்த பின் வந்த மன்னிப்பு சந்தையின் தீர்ப்பாகாது. நிறவெறியையும் ஆணாதிக்க நோன்பையும் விளம்பரம் போற்றியது என்ற முற்போக்குத் தரப்பின் விமர்சனம் நியாயமானது. ஆனால், விளம்பரம் வீழ்ந்தது அதனால் அன்று.

2023 அக்டோபர் 17 அன்று, தன்பால் இணையருக்குத் திருமணம் அடிப்படை உரிமையல்ல என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உறவு குற்றமல்ல, ஆனால் அதற்குக் குடும்பத் தகுதியும் இல்லை என்ற நிலையே சட்டத்தில் நீடிக்கிறது. விளம்பர எதிர்ப்பு காவல்காத்ததும் இதே கோட்டைத்தான். ஆகவே அதைச் சட்டத்துக்குப் பின்தங்கிய மனநிலை என்று கொள்வதைவிட, குடும்பம் என்ற தகுதியை யாருக்கு வழங்குவது என்ற அரசியலின் ஒரு பகுதியாகக் கொள்வதே பொருந்தும்.