டோபி காட் என்னும் வண்ணார்துறை

சிங்கப்பூரில் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் நன்றாகத் தெரியும். எதைப் பார்த்தாலும் அதிலிருந்து ஒரு பாடம் எடுப்பது. மின்படிக்கட்டு நின்றுபோனால் பொறுமை, குடையை மறந்தால் விழிப்பு, கைபேசியில் சார்ஜ் தீர்ந்தால் ஜெபம். இளையர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னால் இப்படி ஒன்றைத் தேத்திவிடலாம். நானும் தேத்தியிருக்கிறேன். சும்மா சொல்லக் கூடாது, சிலது நல்லாவே வரும்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதை யோசித்துப் பார்க்க டோபி காட்டை விடப் பொருத்தமான இடம் இந்த ஊரில் இல்லை என்று நினைக்கிறேன். மூன்று ரயில் தடங்கள் சந்திக்கும் நிலையம். தினமும் அதன் வழியாகப் போகிறோம், பெயரை மட்டும் நின்று கேட்பதில்லை. தோபி என்றால் துணி வெளுப்பவர், காட் என்றால் படித்துறை. 19ஆம் நூற்றாண்டில் வங்காளத்திலிருந்தும் சென்னைப் பக்கமிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் காயப்போட்டார்கள். அந்த ஓடைதான் பிறகு ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் ஆனது. இப்போது அதன் பெரும்பகுதி சாலைக்கும் நடைபாதைக்கும் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது. 2010இல் ஆர்ச்சர்ட் ரோட்டில் வெள்ளம் வந்தபோதுதான் ஊருக்கு அதன் ஞாபகம் வந்தது.

தமிழில் நாம் இந்த இடத்தை ‘டோபி காட்’ என்று அப்படியே எழுத்துப்பெயர்க்கிறோம். ஆனால் இதற்கு அச்சான ஒரு சொல் தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது: வண்ணார்துறை.

ஏசாயா 7ஆம் அதிகாரத்தில் அது வருகிறது. கி.மு. 8ஆம் நூற்றாண்டு. இரண்டு நாடுகள் சேர்ந்து எருசலேம்மேல் படையெடுக்க, ஆகாஸ் ராஜா நடுங்கிப்போயிருக்கிறார். அவரைச் சந்திக்க ஏசாயாவுக்குக் கொடுக்கப்பட்ட முகவரி அரண்மனையும் இல்லை, ஆலயமும் இல்லை. வண்ணார்துறைக்குப் போகும் வழியில், மேற்குளத்து மதகு முடியும் இடம். வடிகால் பொறியாளனாக வேலை பார்க்கிற எனக்கு இந்த முகவரி ரொம்பப் பிடிக்கும். முற்றுகை வரப்போகிறது என்றால் ராஜா முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தானே?

36ஆம் அதிகாரத்தில் அதே வண்ணார்துறை வழி திரும்ப வருகிறது. இந்த முறை அங்கே நின்று மிரட்டுகிறவன் அசீரியத் தளபதி. யூதாவின் அதிகாரிகள் அவனிடம் கெஞ்சுகிறார்கள்: அரமேய மொழியில் பேசுங்கள், எங்கள் மொழி வேண்டாம், மதில்மேல் இருக்கிற சனங்கள் காதில் விழுந்துவிடும். அவன் வேண்டுமென்றே சனங்களின் மொழியில் சத்தம் போடுகிறான். அரசியலின் பெரிய விஷயங்கள் துணி துவைக்கிற இடத்தில் நடக்கின்றன. ஆனால் அங்கே இருக்கிற சாதாரண ஆட்களுக்கு அது கேட்கக் கூடாதாம்.

அன்றாட வேலையிலிருந்து ஞானம் எடுப்பதைத் தமிழில் பெரிய கலையாக்கியவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). ஷ்வார்ட்ஸ் ஐயரின் மாணவர். கிணற்றில் ஏற்றம் இறைப்பவர் பாட்டு அவர் கையில் ‘ஞான ஏற்றப்பாட்டு’ ஆனது. நோவா பேழை கட்டிய கதை ‘ஞானத்தச்ச நாடகம்’ ஆனது. குறவஞ்சியையும் நொண்டி நாடகத்தையும்கூட அவர் விடவில்லை. சபையில் தமிழ்ப் பாட்டு வேண்டாம் என்ற புது மிஷனரிகளோடு அவர் போராடியதில் நியாயம் இருந்தது. இன்று நம் ஆராதனைகளில் தமிழ்க் கீர்த்தனை ஒலிப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அதே மிஷனரிகள் 1820களின் இறுதியில் சாதி பார்க்காமல் எல்லாரும் சேர்ந்து உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுக்க வேண்டும் என்றபோது, அதையும் எதிர்த்து எழுதினார் சாஸ்திரியார். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதி இனி கூடாது என்று உத்தரவிட்டார். தஞ்சையில் பெரிய பிளவே உண்டானது.

எனக்கு உறுத்துவது இதுதான். ஏற்றம் இறைப்பவரின் பாட்டு பாடமாகலாம். அவர் பக்கத்தில் உட்காரலாமா என்பது வேறு கேள்வியாக நின்றுவிட்டது. மல்கியாவில் கடவுளையே வண்ணாரின் சவுக்காரத்துக்கு ஒப்பிடுகிறார்கள். அதைப் பிரசங்கித்த எத்தனையோ ஊர்களில், ஊர் அழுக்கை எல்லாம் வெளுத்துக் கொடுத்தவரையே தீட்டு என்று தள்ளி வைத்தார்கள். உவமை உள்ளே வந்தது, ஆள் வாசலில் நின்றார்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. டோபி காட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஷார்ட் ஸ்ட்ரீட். 1887 ஜூலையில் சிங்கப்பூர் வந்த ஆஸ்திரேலியப் பெண் சோஃபியா பிளாக்மோர், அடுத்த மாதமே அங்கே ஒரு கடைவீட்டில் பள்ளி தொடங்கினார். ஒன்பது தமிழ்ச் சிறுமிகள். தமிழ் வணிகர்கள் பணம் கொடுத்தார்கள். அதுதான் பின்னாளின் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. சிறுமிகள் வீட்டுக்குள்ளேயே இருப்பது அன்றைக்கு எல்லார் கண்ணிலும் பட்ட அன்றாடக் காட்சிதான். அவர் அதிலிருந்து ஒரு பாடம் எடுக்கவில்லை. பாடம் நடத்தினார்.

இன்னொரு சம்பவம் துறைக்குப் பக்கத்திலேயே நடந்தது. ஆர்ச்சர்ட் ரோடு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தை ஜப்பானிய ஆட்சியில் கெம்பெய்தாய் ராணுவப் போலீஸ் பிடித்துக்கொண்டது. 1943 அக்டோபர் 10இல் தொடங்கிய ‘டபுள் டென்த்’ கைதுகளில் 57 பேர் சிக்கினார்கள். 15 பேர் இறந்தார்கள். அறைகளில் கழிவறைக் குழாயில் வரும் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும், குடிக்கவும் அதேதான். ஊரின் துணியெல்லாம் வெளுத்த ஓடைக்குப் பக்கத்தில்!

அங்கே சித்திரவதைப்பட்டவர்களில் ஒருவர் ஆங்கிலிக்கன் பேராயர் லியோனார்டு வில்சன். 1946இல் பிபிசி வானொலியில் அவர் அதைப் பற்றிப் பேசினார். தன்னை அடித்தவர்களை மன்னிக்க முடியாமல் தவித்தபோது, அவர்கள் ஒருகாலத்தில் சின்னப் பிள்ளைகளாக விளையாடிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாராம். பின்னாளில், அவரை வதைத்தவர்களில் ஒருவருக்கு அவரே திடப்படுத்தல் கொடுத்தார்.

கவனித்தால், வில்சன் எதிரில் நின்றவரை எதற்கும் உவமையாக்கவில்லை. அவரை ஒரு ஆளாகப் பார்த்தார், அவ்வளவுதான். அதுவே அந்த அறையில் செய்யக்கூடிய மிகக் கடினமான காரியமாக இருந்திருக்கும்.

அன்றாடத்தில் பாடம் தேடுவதை விட்டுவிடச் சொல்லவில்லை. பிரச்சினை பாடம் எங்கே முடிகிறது என்பதில்தான். ஒரு உதாரணம். மழையில் லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகும் ஊழியர்களை எம்ஆர்டி போகும் வழியில் நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். அதில் பலர் பேசுவது நம் மொழி. அந்தக் காட்சியிலிருந்து உடனே கிடைக்கிற பாடம்: “நம்ம நிலைமை எவ்வளவோ பரவாயில்ல, ஸ்தோத்திரம்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாடத்தில் லாரியில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது? அவர் நனைந்துகொண்டேதான் போகிறார்.

ஏசாயாவுக்கு வந்த கட்டளை, வண்ணார்துறையைப் பார்த்து ஒரு நல்ல கருத்து சொல் என்பதல்ல. அங்கே போ என்பது.