சர்க்கரைக் கோபுரம்

பிரெஞ்சுப் புரட்சி கொதித்துக்கொண்டிருந்த நேரம். பாரீஸில் ஓர் ஏழைக் கூலித் தொழிலாளி. வீடு நிறையப் பிள்ளைகள், சோறு போட வழியில்லை. பத்து வயசு மகனை வெளியே அழைத்துப் போய், இனி உன் பிழைப்பை நீயே பார்த்துக்கொள் என்று தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அப்படித்தான் கதை சொல்கிறார்கள்.

அந்தப் பையன்தான் மரி ஆந்த்வான் காரெம். பின்னாளில் ஐரோப்பாவின் ராஜாக்கள் போட்டி போட்டுக்கொண்டு தேடிய பேஸ்ட்ரி செஃப்!

இன்றைக்கு இந்த வேலைக்கு வர கேட்டரிங் காலேஜ் இருக்கிறது. ஃபீஸ் கட்டினால் படிப்பு, முடித்தால் சர்டிஃபிகேட். அன்றைக்கு ஒரே வழிதான். ஒரு மாஸ்டரிடம் எடுபிடியாகச் சேரணும். விறகு சுமக்கணும், பாத்திரம் தேய்க்கணும். அவர் மனசு வைத்தால் தொழில் கைவரும்.

காரெம் முதலில் ஒரு சாதாரணச் சாப்பாட்டுக் கடையில் எடுபிடி. அப்புறம் விவியென் தெருவில் பாய் என்பவரின் பேஸ்ட்ரி கடை. அங்கே வெண்ணெயை மாவில் வைத்து மடித்து, தேய்த்து, மறுபடி மடிக்கப் பழகினார். வெண்ணெய் உருகினால் அடுக்கு போச்சு! சர்க்கரைப் பாகுக்குத் தெர்மாமீட்டர் கிடையாது. நம் வீடுகளில் கம்பிப் பதம் பார்க்கிற மாதிரி, விரல்தான் கருவி.

பாய் நல்ல முதலாளி. பையனின் ஆர்வத்தைப் பார்த்து, பக்கத்திலிருந்த தேசிய நூலகத்துக்குப் போய்வர நேரம் கொடுத்தார். அங்கே காரெம் புரட்டியது சமையல் புத்தகம் இல்லை. கட்டடக்கலைப் படங்கள்! கிரேக்கக் கோயில், எகிப்திய பிரமிட் என்று வரைந்து வரைந்து பழகினார். பிறகு அதையெல்லாம் மாவிலும் சர்க்கரையிலும் ஆளுயரத்துக்குக் கட்டினார். விருந்து மேஜையின் நடுவே அவை நின்றபோது பாரீஸே வாய் பிளந்தது.

ராஜதந்திரி தாலிராந் அழைத்தார். 1816-ல் இங்கிலாந்தின் இளவரசர் ஜார்ஜ் அழைத்தார். கடைசியில் கோடீஸ்வரர் ராத்சைல்டின் பாரீஸ் மாளிகை.

வரவுப் பக்கம் இவ்வளவு. செலவு? கரி அடுப்பு. உணவு ஆறிவிடக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்திய சமையலறை. அந்தப் புகையை வருஷக்கணக்கில் சுவாசித்தே உடம்பு கெட்டது என்பார்கள். 1833-ல் காரெம் இறந்தபோது ஐம்பது வயசுகூட ஆகவில்லை.

ஆனால், ஒரு காரியம் செய்துவிட்டுத்தான் போனார். மாஸ்டர்கள் பொத்திப் பொத்தி வைத்த வித்தையை, 1815-லேயே தன் கையால் வரைந்த படங்களோடு புத்தகமாகப் போட்டுவிட்டார். மனசு வைக்க மாஸ்டர் கிடைக்காதவனும் படித்துக் கற்றுக்கொள்ளலாம்!

கடைசியாகத் தொடங்கிய பெரிய நூலில் மூன்று பாகங்கள்தான் அவரால் முடிந்தது. மீதி இரண்டை எழுதி முடித்தவர் ப்ளூமரி. அவரும் ஒரு சமையல்காரர்தான்.