முறையற்ற தீர்வையும் அதன் மீளளிப்பும்: ஐக்கிய அமெரிக்கச் சுங்க வரலாற்றில் ஓர் அத்தியாயம் (1836 - 1845)

அரசொன்று சட்டத்துக்கு மாறாகத் தீர்வை அறவிட்டது என நீதிமன்றம் தீர்க்குமாயின், அப்பணம் செலுத்தியவரிடம் தானாகவே திரும்பிவிடும் எனப் பொதுவாக எண்ணப்படுகின்றது. வரலாறு அவ்வாறு கூறவில்லை. தீர்வை தவறானது என நிறுவுதல் ஒன்று. அதனை யாரிடமிருந்து, எவ்வழியால் மீளப் பெறுவது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை 1836க்கும் 1845க்கும் இடைப்பட்ட ஐக்கிய அமெரிக்கச் சுங்க வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

அக்காலத்தில் வருமான வரி இருக்கவில்லை. கூட்டாட்சி அரசின் வருவாய்க்குச் சுங்கத் தீர்வையே முதன்மையான ஊற்றாக விளங்கியது. கேட்ட தொகையைச் செலுத்தாத வணிகருக்குப் பண்டங்கள் விடுவிக்கப்படமாட்டா. ஆகவே முதலிற் செலுத்திப் பின்னர் வழக்காடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியிருக்கவில்லை. ஆயின் யார்மீது வழக்காடுவது? அரசின் இசைவின்றி அரசுமீது வழக்குத் தொடர முடியாது என்பது ஆங்கிலேயச் சட்ட மரபின் வழிவந்த கோட்பாடு. எனவே வணிகர், பணத்தைப் பெற்றுக்கொண்ட துறைமுகச் சுங்க அதிபரையே தனிப்பட்ட முறையில் எதிராளியாக்கினர்.

இவ்வழியை உறுதிப்படுத்தியது 1836ஆம் ஆண்டின் எலியட் எதிர் சுவாட்வூட் வழக்காகும். பருத்திக் கரையிட்ட, முறுக்கிய கம்பளி நூலாலான சால்வைகளுக்கு நியூயோர்க் சுங்க அதிபர் சாமுவேல் சுவாட்வூட், 1832ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கம்பளிப் பண்டங்களுக்குரிய 50 வீதத் தீர்வையை அறவிட்டார். வணிக வழக்கில் அந்நூல் கம்பளியினின்றும் வேறான பண்டமெனக் கருதப்படுவதால் அத்தீர்வை பொருந்தாதென உயர் நீதிமன்றம் தீர்த்தது. மறுப்பின்றிச் செலுத்திய பணத்தை மீளக் கோர முடியாது. மறுப்புத் தெரிவித்துச் செலுத்தியிருப்பின் அதிபரே சொந்தப் பொறுப்பில் திருப்பித்தரல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பு எதிர்பாராத விளைவொன்றைத் தந்தது. வழக்குகளுக்கு அஞ்சிய சுங்க அதிபர்கள், மறுப்புடன் செலுத்தப்பட்ட பணத்தைத் திறைசேரிக்கு அனுப்பாது தம் கைவசம் வைத்துக்கொள்ளலாயினர். சனாதிபதி அன்ட்ரூ ஜாக்சனால் நியமிக்கப்பட்ட சுவாட்வூட், 1838இல் பதவி நீங்கி ஐரோப்பாவுக்குச் சென்ற பின்னர், அவர் கணக்கில் 12 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகை குறைவாயிருந்தமை வெளிப்பட்டது. வணிகருக்குப் பாதுகாப்பாக அமைந்த ஏற்பாடே பொதுப்பணத்துக்குக் கேடாயிற்று.

இதற்கு மாற்றாகக் காங்கிரஸ் 1839 மார்ச் 3ஆம் நாள் சட்டமொன்றை இயற்றியது. மறுப்புடன் செலுத்தப்பட்ட பணமும் திறைசேரியிற் சேர்க்கப்படல் வேண்டும். மிகையாக அறவிடப்பட்டது எனத் திறைசேரிச் செயலாளர் கண்டால் அவரே மீளளிப்பார் என அது விதித்தது. பொதுப்பணம் காக்கப்பட்டது, வணிகரின் வழியோ அடைபட்டது. 1845இல் கேரி எதிர் கேட்டிஸ் வழக்கில், சட்டப்படி திறைசேரிக்குச் சென்றுவிட்ட பணத்தைத் திருப்பித்தருவதாக அதிபர் உடன்பட்டாரெனக் கொள்ள முடியாது என நீதியரசர் டானியல் பெரும்பான்மையோர் சார்பில் உரைத்தார். நீதியரசர்கள் ஸ்டோரியும் மக்லீனும் இதனை ஏற்கவில்லை. வரி அறவிடும் நிருவாகமே தன் தவறுக்கு நீதிபதியாகவும் அமையுமாயின், உரிமை ஏட்டளவில் நின்றுவிடும் என்பதே ஈண்டு எழுந்த அடிப்படைச் சிக்கல்.

காங்கிரஸ் தாமதிக்கவில்லை. அவ்வாண்டு பெப்ரவரி 26ஆம் நாள் நிறைவேறிய சட்டம் வணிகரின் வழக்குரிமையை மீட்டளித்தது. ஆயின் பணஞ் செலுத்தும்போதோ அதற்கு முன்னரோ காரணங்களைத் தெளிவாகக் குறித்து, கையொப்பமிட்ட எழுத்துமூல மறுப்பைக் கொடுத்திருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்க்கப்பட்டது. 1890இல் இத்தகைய பிணக்குகளைத் தீர்க்கத் தனிச் சபையொன்று தோன்றியது. 1926இல் அது சுங்க நீதிமன்றமெனப் பெயர்பெற்று, 1980இல் சர்வதேச வர்த்தக நீதிமன்றமாயிற்று. 2025இல் சனாதிபதி டிரம்ப் விதித்த தீர்வைகள் பலவற்றை அந்நீதிமன்றம் மே மாதத்தில் சட்டத்துக்கு மாறானவை எனத் தீர்த்தபோது, அறவிட்ட பணம் எவ்வாறு திரும்பும் என்ற பழைய வினா மீண்டும் எழுந்தது.

மேற்கண்ட வரலாற்றினின்றும் இரு உண்மைகள் புலனாகின்றன. மீளளிப்பு நீதியின் இயல்பான விளைவன்று. அதற்கெனச் சட்டம் அமைக்கும் வழியைப் பொறுத்தே அது நிகழ்கின்றது. மேலும், அவ்வழி திறந்திருப்பது சுங்கப் பத்திரத்திற் பெயர் பொறித்த இறக்குமதியாளருக்கே. உயர்ந்த விலை கொடுத்துச் சால்வையை வாங்கிய எளிய மக்களின் மறுப்பை எந்தச் சுங்க ஏடும் பதிவு செய்யவில்லை.