கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்க் குறும்படத்துக்கு மானியம்: தகுதி விதிகள் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

மலேசியக் குடிமக்களில் இந்தியர் ஏறத்தாழ 6.7 விழுக்காடு என்கிறது 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அவர்களில் பெரும்பான்மையினர் தமிழர். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்சிலும் கிள்ளானிலும் கேமராவோடு திரியும் இளைஞர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "காசில்லை" என்பதுதான் முதலில் காதில் விழும் குறை. இக்கட்டுரை அதற்கு முந்தைய கேள்வியை எடுத்துக்கொள்கிறது: இருக்கிற காசைக் கேட்கும் தகுதி யாருக்கு உண்டு? மானியத் தொகை சிறியதா பெரியதா என்பது பிறகுதான். தமிழ்க் குறும்படக்காரர் விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே கழித்துக்கட்டப்படுகிறார் என்பது என் கருத்து.

2. உரிமமும் மூலதனமும்

தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. தயாரிப்பு, விநியோகம், திரையிடல் மூன்றுக்கும் உரிமம் வேண்டும் என்கிறது அச்சட்டம். தயாரிப்பு உரிமம் பெற 'சென்டிரியான் பெர்ஹாட்' (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனமும் 50,000 ரிங்கிட் செலுத்தப்பட்ட மூலதனமும் தேவை. மலேசியாவின் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் பற்றி அல் ஜசீரா வெளியிட்ட ஆவணப்படத்தையொட்டி, 2020 ஜூலையில் இந்த விதி பொதுப்பேச்சானது. சமூக ஊடகத்துக்குப் படமெடுப்பவருக்கும் உரிமம் தேவை என்று அமைச்சர் சைஃபுடின் அப்துல்லா நாடாளுமன்றத்தில் சொல்ல, எதிர்ப்பு கிளம்பியது. தனிநபர்களுக்கு அது வேண்டியதில்லை என்று அரசு பின்வாங்கியது.

சர்ச்சை சில நாளில் அடங்கிவிட்டது. ஆனால் சட்டத்தின் மனத்தில் உள்ள படைப்பாளி யார் என்பது அதில் வெளிப்பட்டது: ஒரு கம்பெனி. இரவு ஷிப்ட் முடிந்து, நண்பரிடம் கேமரா இரவல் வாங்கிப் பத்து நிமிடப் படம் எடுக்கும் கிள்ளான் இளைஞர் அந்த வரையறைக்குள் வருவதில்லை. செலவில் 30 விழுக்காட்டைத் திருப்பித் தரும் 'ஃபிமி' ஊக்கத்தொகையோ மில்லியன் கணக்கில் செலவிடும் தயாரிப்புகளுக்கானது. அதைப் பற்றி இங்கே மேலும் பேசிப் பயனில்லை.

3. மொழி என்னும் தகுதி

2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியான மலாயில் அமையாத படங்களுக்குத் தனிப்பிரிவு ஒதுக்கப்பட்டபோது திரைத்துறையினர் கொதித்தனர். நடிகரும் இயக்குநருமான அஃப்ட்லின் ஷௌக்கி தாம் பெற்ற விருதுகளைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். பின்னர் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற பிரிவு எல்லா மொழிகளுக்கும் திறக்கப்பட, சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' அதை வென்றது. தோட்டம் கலைந்து புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த குடும்பத்தின் கதை அது. பெரும்பாலும் தமிழில் பேசுகிறது. விருதுக்கே இத்தனை போராட்டம் என்றால், இன்னும் எடுக்கப்படாத ஒரு தமிழ்க் குறும்படத்தின் திட்ட வரைவை எந்த மொழியில் எழுதுவது, அதை வாசிக்கும் குழுவில் தமிழ் அறிந்தவர் உண்டா என்ற கேள்விகள் அற்பமானவை அல்ல.

4. ரோட்டர்டாம் வழி

உள்ளூர் வழி குறுகியிருந்த காலத்தில் சிலர் வெளியே பார்த்தார்கள். தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) அறுபதுகளின் தோட்ட வாழ்வைச் சொன்னது. தயாரித்தவர் மலேசியச் சீனரான சுயாதீன இயக்குநர் டான் சுய் முய். அடுத்து வந்த 'சலங்கை' (2007) பிரிக்ஃபீல்ட்சில் பூ விற்கும் தாயையும் பரதம் ஆட ஏங்கும் மகளையும் காட்டியது. ரோட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி அதற்குக் கைகொடுத்தது. இரண்டும் முழுநீளப் படங்கள். என்றாலும் குறும்படக்காரருக்கு இவற்றில் பாடம் உண்டு. நம் தெருவைப் படமாக்க நெதர்லாந்து நிதி வந்தது நல்லதுதான். ஆனால் வெளியூர் நிதிக்கென்று ஒரு நாக்கு உண்டு. வறுமையும் தோட்டமும் அதற்கு ருசிக்கும். பந்திங் சாலையில் நடக்கும் ஒரு கேலிக்கதை ருசிக்குமா?

5. ஃப்ரீடம் ஃபிலிம் பெஸ்ட்

'புசாட் கோமாஸ்' என்ற மனித உரிமை அமைப்பு 2003இல் தொடங்கிய ஃப்ரீடம் ஃபிலிம் பெஸ்ட் விழா, என் பார்வையில் இந்தப் பள்ளத்தாக்கின் மிகச் சிறந்த மானிய மாதிரி. கம்பெனி இல்லாதவரும் முதல் படம் எடுப்பவரும் கருவை எழுதி அனுப்பலாம். தேர்வானால் நிதியும் பயிற்சியும் கிடைக்கும். முடிந்த படம் விழாவிலேயே திரையேறும். ஃபாமி ரெசாவின் 'செபுலு தாஹுன் செபெலும் மெர்டேக்கா' 2007இல் இவ்விழாவில் கவனம் பெற்ற ஆவணப்படம்.

குறை ஒன்றுண்டு. இது மனித உரிமை விழா. நாட்டுப் பிரச்சினை இல்லாத கதைக்கு இங்கே இடம் குறைவு. காதலையோ பேயையோ படமாக்க நினைக்கும் தமிழ்ப் பெண் எங்கே போவார்?

6. திரையிடலின் விலை

2013 ஜூலை 3 அன்று கோலாலம்பூர் சிலாங்கூர் சீனர் அசெம்பிளி மண்டபத்தில், ஈழப்போரின் இறுதி நாட்களைப் பற்றிய 'நோ ஃபயர் ஸோன்' திரையிடப்பட்டது. தணிக்கை பெறாத படம் என்று, கோமாஸ் ஊழியர் லீனா ஹென்ட்ரி மீது 2002ஆம் ஆண்டுத் தணிக்கைச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. 2017இல் அவருக்கு 10,000 ரிங்கிட் அபராதம். தண்டனை படத்தை எடுத்தவருக்கு அல்ல, திரையிட்டவருக்கு. படம் எடுக்க மட்டும் காசு தரும் மானியம் ஆகவே பாதி மானியம்தான். தணிக்கைக் கட்டணம், மண்டப வாடகை, வழக்கறிஞர் ஆலோசனை ஆகியவையும் அதில் அடங்க வேண்டும்.

7. கேரளத்துடன் ஒப்பீடு

தகுதி நிபந்தனை பற்றிய சர்ச்சை கேரளத்திலும் எழுந்தது. கேரளத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் படத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை தருகிறது. 2025 ஆகஸ்டில் மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன், இவர்களுக்கு முன்பயிற்சி வேண்டும், தொகையைப் பிரித்து மூவருக்குத் தரலாம் என்றார்; கண்டனம் குவிந்தது. பயிற்சியே கூடாது என்பதல்ல வாதம். ஒதுக்கப்பட்டவருக்கு மட்டும் அதை நிபந்தனையாக்குவதே சிக்கல். ஃப்ரீடம் ஃபிலிம் பெஸ்ட் முறையில் பயிற்சி தேர்வுக்குப் பின் வருகிறது, தேர்வானவர் எல்லோருக்கும் வருகிறது.

8. பரிந்துரை

ஃபினாஸ் ஒரு சிறு குறும்பட நிதியைத் தனிநபர் பெயரிலேயே வழங்கலாம்; திட்ட வரைவைத் தமிழிலும் பெற்றுக்கொள்ளலாம்; பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் மண்டபங்களில் இரண்டு காட்சிகளுக்கான செலவையும் சேர்க்கலாம். தனிநபர் என்றதும் அடையாள அட்டை கேட்பார்கள். குடிமக்களுக்கான நீல அட்டை இல்லாமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டையோடோ எந்த அட்டையும் இல்லாமலோ வாழும் தமிழ்ப் பிள்ளைகள் இங்கே உண்டு. அவர்களுக்காக, பதிவு பெற்ற ஓர் உள்ளூர்ச் சங்கமோ தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் அமைப்போ கையொப்பமிட்டு நிதியைப் பெற்றுத்தரும் ஏற்பாட்டைப் படிவத்திலேயே அச்சிட வேண்டும்.