மதராஸும் மத்றஸாவும்

சென்னை மாநகருக்கு ஆங்கிலேயர் வழங்கிவந்த 'மதராஸ்' என்னும் பெயர், 'மத்றஸா' என்ற அறபுச் சொல்லின் திரிபே என்று நம் கூட்டங்களிலும் திருமண வீடுகளிலும் பேசப்படுவதுண்டு. அக்கடற்கரையில் பண்டு ஒரு மத்றஸா இருந்ததாம். அதனைச் சூழ்ந்து எழுந்த ஊர் அதன் பெயராலேயே வழங்கலாயிற்றாம். கேட்பதற்கு இனிக்கும் செய்திதான். மத்றஸாவில் ஓதி வளர்ந்த எனக்கு அது மற்றவரினும் சற்று மிகுதியாகவே இனிக்கிறது. ஆயினும், ஒரு செய்தி காதில் விழுந்தால் அதன் 'ஸனது' யாது என்று முதலில் வினவவேண்டும் எனக் கற்பித்ததும் அதே மத்றஸாதான். வந்த செய்தியை ஆராய்ந்து தெளியுமாறு திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் பணிக்கிறது. நமக்கு உவப்பான செய்தியாயின் இக்கட்டளையிலிருந்து விலக்கு உண்டென்று எங்கும் கூறப்படவில்லை. எனவே அந்நகரின் தோற்றத்தை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1611இல் மசூலிப்பட்டினத்திலும், 1626இல் துர்க்கராயப்பட்டினத்திலும் பண்டகசாலை அமைத்தனர். இரண்டிடத்தும் அவர்கள் எண்ணியவாறு வணிகம் செழிக்கவில்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர் முன்னரே கோட்டை கட்டி வலுப்பெற்றிருந்தனர். மலிவான விலையில் நல்ல துணி கிடைக்கும் இடமொன்றைத் தெற்கே தேடிப் புறப்பட்டவர் பிரான்சிஸ் டே என்னும் கம்பெனி அலுவலர். அன்று இக்கரையோரம், சந்திரகிரியிலிருந்த விஜயநகர அரசரின் பெயரால் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரின் ஆட்சியில் இருந்தது. அவருடைய இருப்பிடம் வந்தவாசி; அவர்தம் தம்பி ஐயப்ப நாயக்கர் பூவிருந்தவல்லியில் இருந்தார். பாலாற்றங்கரைப் பழையசீவரத்தில் நின்று தென்மேற்கே நோக்கினால், உத்திரமேரூரைக் கடந்து வந்தவாசிக்கு வழி செல்லும். மதராஸின் பிறப்புச் சீட்டு எழுதப்பட்டது இந்த நாட்டுப்புறத்து ஆட்சியாளரின் பெயரால்தான். அக்கொடைப் பத்திரத்தின் நாள் 1639 ஆகஸ்ட் 22 என்று கொள்ளப்படுகிறது. மறு ஆண்டிலேயே டேயும் அவருடைய மேலலுவலர் ஆண்ட்ரூ கோகனும் அங்கு வந்து கோட்டைப் பணியைத் தொடங்கினர். முதற் பகுதி புனித ஜார்ஜ் நாளில் நிறைவுற்றமையின் அதற்குப் புனித ஜார்ஜ் கோட்டை என்னும் பெயர் அமைந்தது.

இங்கே நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. நாயக்கர் வழங்கிய பத்திரமே அவ்விடத்தை மதராசபட்டினம் என்னும் பெயரால் குறிக்கிறது. அதாவது, ஆங்கிலேயர் கால் வைப்பதற்கு முன்னரே ஊரும் இருந்தது, பெயரும் இருந்தது. கோட்டையை ஒட்டி எழுந்த புதிய குடியிருப்புக்கு நாயக்கர் தம் தந்தை சென்னப்பரின் பெயரால் சென்னப்பட்டினம் எனப் பெயர் வழங்கச் செய்தார். 1996இல் மதராஸ் என்னும் பெயரை நீக்கிச் சென்னை என்று ஆக்கியபோது, அயலான் இட்ட பெயர் ஒழிந்ததென்று பலர் மகிழ்ந்தனர். உண்மையில் இரண்டுமே இந்த மண்ணில் வழங்கிய பெயர்கள்.

மேலும் பழைய சான்றும் கிட்டியுள்ளது. 1367ஆம் ஆண்டைச் சேர்ந்த விஜயநகரக் காலக் கல்வெட்டொன்று கீழைக் கடற்கரைத் துறைமுகங்களோடு 'மாதரசன்பட்டணம்' என்பதையும் கூறுகிறது. இது 2015இல் அறியப்பட்டது. ஆங்கிலேயர் வருகைக்கு 272 ஆண்டுகள் முந்தையது இச்சான்று.

ஆளற்ற மணல்மேட்டில் வெள்ளையர் ஒரு நகரைப் படைத்தனர் என்னும் கூற்று இதனால் வலுவிழக்கிறது. அங்குக் கப்பல் அணையும் துறை இருக்கவில்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தோர் அக்கரையின் மீனவரே. கம்பெனிக்குச் சரக்குத் திரட்டிக் கொடுத்தவர் பேரி திம்மண்ணா போன்ற வணிகர். துணி நெய்தோரும் சாயமிட்டோரும் உள்நாட்டுத் தறிகாரர். திருவல்லிக்கேணி 1676இலும், எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகியவை 1693இலும் கம்பெனியின் கைக்கு வந்தன. இவை அனைத்தும் தமக்கென வரலாறு உடைய ஊர்கள். பழைய ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாக உட்கொண்டு வளர்ந்ததே அந்த நகரம்.

இப்பகுதியின் பழமைக்குப் பழையசீவரத்தின் எதிர்க்கரையே சான்று பகரும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பதினோராம் நூற்றாண்டுச் சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. மாணவர் உண்டு உறைந்து பயிலும் கல்விச்சாலையும், பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலையும் அங்கு இயங்கியதை அது விரிவாக எடுத்துரைக்கிறது. கற்றலையும் நோய் தீர்த்தலையும் அறமெனப் போற்றிய மக்கள் இங்கு வாழ்ந்தனர் என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு யாதொரு தயக்கமும் வேண்டுவதில்லை.

இனி, முஸ்லிம்களின் பங்கு யாது? அது பெயரில் ஒளிந்து கிடக்கவில்லை. ஆவணங்களில் வெளிப்படையாகவே இருக்கிறது. கோட்டை எழுந்த சில ஆண்டுகளில் இக்கரையோரம் கோல்கொண்டா சுல்தானின் ஆட்சிக்குள் வந்தது. மீர் ஜும்லாவின் நல்லெண்ணத்தை நாடியே கம்பெனியார் அங்கு நிலைத்தனர். 1672 முதல் ஆண்டொன்றுக்கு 1,200 வராகன் குத்தகைப் பணம் கோல்கொண்டாவுக்குச் செலுத்தினர். 1687இல் கோல்கொண்டா வீழ்ந்தபின் முகலாயரை மேலாளராக ஏற்றனர். பின்னர் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பினார். திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசல் இன்றும் தொழுகையாளரால் நிறைகிறது.

பெருமையைக் கூறும் நாவு பிழையையும் கூறக் கடமைப்பட்டது. கம்பெனியாரிடம் பெருங்கடன்பட்டு அவர்களுடைய படையை நம்பியிருந்த அதே நவாப், 1763இல் காஞ்சிபுரம், உத்திரமேரூர் உள்ளிட்ட செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் அதனை உறுதி செய்தார். கடற்கரையில் ஒரு துண்டு நிலத்தோடு தொடங்கியவர்கள், பாலாற்றங்கரை உழவனிடம் வரி கேட்கும் உரிமையைப் பெற்றது இவ்வாறுதான். நாயக்கர் வாயிலைத் திறந்தார். நவாப் வீட்டையே ஒப்படைத்தார். முன்னோரின் பள்ளிவாசலுக்கு வாரிசு என்போர், முன்னோரின் கடனுக்கும் வாரிசே.

மீண்டும் பெயருக்கு வருவோம். மத்றஸாவைக் குறித்து ஒரு கல்வெட்டோ, பத்திரமோ, இடிபாடோ கிட்டவில்லை. போர்த்துகீசிய மதெய்ரோஸ் குடும்பத்தின் பெயர் என்பாரும், மீனவர் தலைவர் ஒருவரின் பெயர் என்பாரும் உளர். 1367இன் கல்வெட்டு 'மாதரசன்' என்று ஓர் ஆளின் பெயர்போல் ஒலிப்பதும் கருதத்தக்கது. ஹதீஸ் கலையின் மொழியில் கூறின், மத்றஸாச் செய்தி ஸனதற்ற, ளயீஃபான ரிவாயத்து. அதனை மேடையில் முழங்கினால், கேட்போர் நம்முடைய உறுதியான சான்றுகளையும் ஐயுறுவர். இம்மண்ணில் நமக்குள்ள உரிமை நாம் உழைத்ததாலும், கட்டியதாலும், அடங்கியிருப்பதாலும் வந்தது. அதற்கு ஒரு சொல்லின் ஒலியைத் துணைக்கழைக்க வேண்டியதில்லை.

நாளை ஒரு கல்வெட்டு வெளிப்பட்டு என் கூற்றை மறுக்குமாயின், அதனை முதலில் வரவேற்பவன் நானாகவே இருப்பேன். அல்லாஹு அஃலம்; அல்லாஹ்வே மிக அறிந்தவன்.