எபிஃபனி: ஒரு சொல்லின் பொருள் வரலாறும் தமிழாக்கமும்

முன்னுரை

உள்ளத்தில் திடீரென உண்டாகும் தெளிவைக் குறிக்க இன்றைய ஆங்கிலத்தில் பெருவழக்காக உள்ள சொற்களுள் ஒன்று 'எபிஃபனி'. இதற்கு ஈடாகத் தமிழில் திருக்காட்சி, வெளிப்பாடு, ஞானோதயம், உள்ளொளி முதலிய சொற்கள் கிடைக்கின்றன. இவை ஒன்றன் இடத்தில் மற்றொன்று வரத்தக்கன அல்ல. எதனை எவ்விடத்தில் ஆள்வது என்பதை முடிவு செய்ய அகராதிப் பொருள் மட்டும் போதாது. சொல்லின் வரலாறும் வேண்டும். தோன்றும் பொருளின் செயலைக் குறித்த ஒரு சொல், காண்போரின் அனுபவத்தைக் குறிக்கும் சொல்லாக மாறியதே அவ்வரலாற்றின் சாரம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1. கிரேக்க வழக்கு

இச்சொல்லின் மூலம் 'எபிஃபானெயா' என்னும் கிரேக்கப் பெயர்ச்சொல். 'மேல்' என்னும் பொருள்தரும் 'எபி' என்னும் முன்னொட்டும், 'காட்டு, விளங்கச் செய்' என்னும் பொருள்தரும் 'ஃபைனெய்ன்' என்னும் வினையும் இதன் உறுப்புகள். கண்ணுக்குப் புலனாவது என்பதே அடிப்படைப் பொருள். யூக்ளிட் தம் வடிவியல் நூலில் இச்சொல்லைப் 'பரப்பு' என்னும் பொருளில் ஆள்கிறார். பிற்காலக் கிரேக்கச் சமய வழக்கில், இடர் நேர்ந்த வேளையில் தெய்வம் வெளிப்பட்டு உதவுவதை இச்சொல் குறித்தது. அரசர்களும் இதனைத் தமக்குரியதாக்கிக் கொண்டனர். கி.மு. 175 முதல் 164 வரை ஆண்ட நான்காம் அந்தியோக்கஸ் 'எபிஃபனேஸ்' என்னும் பட்டத்தைத் தாங்கினான். அதனை ஓரெழுத்து மாற்றி, 'பித்தன்' எனப் பொருள்படும் 'எபிமனேஸ்' என்று மக்கள் எள்ளினர் என்பது பொலிபியஸ் வழி வந்த செய்தி. இவ்வழக்குகள் அனைத்திலும் செயல் தோன்றுபவருடையது. காண்பவர் வெறும் சாட்சியே.

2. திருச்சபை வழக்கு

புதிய ஏற்பாட்டுத் திருமுகங்களில் இச்சொல் ஆறு இடங்களில் வருகிறது. ஆறும் கிறிஸ்துவின் வருகையைக் குறிப்பன. பின்னர் ஜனவரி 6-ஆம் நாள் கொண்டாடப்படும் திருநாளுக்கு இது பெயராயிற்று. கீழைத் திருச்சபைகள் அந்நாளில் யோர்தானில் நிகழ்ந்த திருமுழுக்கை நினைவுகூர்ந்தன. மேலைத் திருச்சபை கீழ்த்திசை ஞானியரின் வருகையை முதன்மைப்படுத்திற்று. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் இச்சொல் நுழைந்தபோது அது ஒரு திருநாளின் பெயராகவே நுழைந்தது.

தமிழ்க் கிறித்தவ மரபு இதனைப் பொருளறிந்து பெயர்த்துள்ளது. கத்தோலிக்கர் 'திருக்காட்சி' என்பர். சீர்திருத்தத் திருச்சபையார் வழங்கும் பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் 'பிரசன்னம்' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. இரண்டுமே வெளிப்படுபவரை முன்னிறுத்துவன.

3. ஜாய்ஸும் அதன் பின்னும்

சமயச் சொல் இலக்கியச் சொல்லானதில் ஜேம்ஸ் ஜாய்ஸின் பங்கு பெரிது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர் கேட்ட பேச்சுத் துணுக்குகளையும் கண்ட கனவுகளையும் சிறு உரைநடைப் பகுதிகளாக எழுதி அவற்றுக்கு இப்பெயரிட்டார். அவற்றுள் எஞ்சிய 40 பகுதிகளும் 1965-இல் ஒருசேர வெளியிடப்பட்டன. அவர் மறைவுக்குப்பின் 1944-இல் வெளிவந்த 'ஸ்டீஃபன் ஹீரோ'வில் இதற்கு ஓர் இலக்கணமும் கூறப்படுகிறது. இழிந்த பேச்சிலோ அங்க அசைவிலோ மனத்தின் மறக்கவியலாத ஒரு நிலையிலோ ஆன்மிக உண்மை ஒன்று திடீரென வெளிப்படலாம் என்பது அதன் கருத்து. டப்ளின் நகர அலுவலகம் ஒன்றின் கடிகாரம்கூட அந்நிலையை எய்தக்கூடும் என்கிறான் கதைத்தலைவன்.

இங்குத் தொடரமைப்பு கவனிக்கத்தக்கது. எபிஃபனியை எய்துவது கடிகாரம். அதனை நோக்குபவன் அல்லன். எனினும் மனநிலையையும் இலக்கணத்துள் சேர்த்ததால், சொல் அகத்தை நோக்கித் திரும்புவதற்கு ஜாய்ஸே வழிகோலினார். 1916-இல் நூலாக வந்த நாவலில் இக்கலைச்சொல்லை அவர் கைவிட்டார். 1922-இல் வந்த 'யுலிஸிஸ்' நாவலில் ஸ்டீஃபன் தன் இளமைக்கால எபிஃபனிகளைத் தானே எள்ளி நினைக்கிறான். ஆக்கியோன் விட்ட சொல்லைத் திறனாய்வாளர் எடுத்துக்கொண்டனர். மாரிஸ் பேஜா 1971-இல் நவீன நாவல் முழுவதற்கும் பொருந்தும் கருத்தாக இதனை விரித்தார்.

இதழியல் வழக்கிலும் அன்றாட வழக்கிலும் மாற்றம் முழுமை பெற்றது. முன்பு 'இன்னாரின் எபிஃபனி' என வந்த சொல், இப்போது 'எனக்கு ஓர் எபிஃபனி' என உடைமை வினையோடு வருகிறது, பன்மையும் ஏற்கிறது. திருநாளைப் பேரெழுத்தாலும் அனுபவத்தைச் சிற்றெழுத்தாலும் வேறுபடுத்த ஆங்கிலத்தால் முடியும். அவ்வேறுபாடு இல்லாத தமிழ் எழுத்தில் இரண்டிற்கும் இரு சொற்கள் இன்றியமையாதவை.

4. தமிழாக்கச் சிக்கல்

'வெளிப்பாடு' என்பது விவிலியத்தின் இறுதி நூலை நினைவூட்டுவது. அந்நூற்பெயருக்கு மூலமான கிரேக்கச் சொல் வேறு. 'ஞானோதயம்' பேச்சு வழக்கில் ஏளனக் குறிப்புப் பெற்றுவிட்டது. 'இப்போதுதான் ஞானோதயம் பிறந்ததா?' என்பதில் பாராட்டு இல்லை. எனவே பகடியான இடங்களுக்கு அது பொருந்தும், ஜாய்ஸுக்குப் பொருந்தாது. 'உள்ளொளி' ஒளியை அகத்தில் வைத்துவிடுவதால், கடிகாரம் ஒளிரும் இடத்தில் அது பிழையாகும்.

பெயர்ச்சொல்லைத் தேடும் முயற்சியில் மறக்கப்படுவது தமிழ் வினையின் ஆற்றல். 'இறைவன் அடியார்க்குத் தோன்றினான்' என்பதிலும் 'எனக்கு ஒன்று தோன்றியது' என்பதிலும் வருவது ஒரே வினை. இரண்டிலும் காண்பவர் நான்காம் வேற்றுமை ஏற்கிறார், எழுவாய் தோன்றுவதே. 'விளங்கு' என்பதும் ஒளிர்தல், புரிதல் என்னும் இரு பொருளையும் தாங்குகிறது. 'எபிஃபானெயா'வின் வேரான கிரேக்க வினைக்கும் இவ்வமைப்பு உண்டு. 'ஃபைனெதாய் மொய்' என்னும் தொடர் சொல்லுக்குச் சொல் 'எனக்குத் தோன்றுகிறது' என்பதே.

முடிவுரை

திருநாளுக்குத் திருக்காட்சி அல்லது பிரசன்னம், அன்றாட வழக்கிற்குத் திடீர்த்தெளிவு போன்ற சொல் எனப் பகுத்துக்கொள்வது எளிது. இடைப்பட்ட இலக்கிய வழக்கிலேயே இடர்ப்பாடு மிகுதி. அங்கு ஒரு பெயர்ச்சொல்லை வலிந்து நிறுவுவதினும், 'தோன்று', 'விளங்கு', 'புலப்படு' ஆகிய வினைகளால் தொடரை அமைப்பது மூலத்திற்கு நெருக்கமானது. அறிபவரைக் கு-உருபில் நிறுத்தி அறியப்படுவதை எழுவாயாக்கும் தமிழ்த் தொடர், ஆங்கிலச் சொல் இழந்துவரும் பழம்பொருளையும் புதுப்பொருளையும் ஒருங்கே காக்கிறது.