பாரிமுனையிலிருந்து சிறுசேரி வரை – ஒரு கணக்குப் பாதை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, விடுதிக் கதைகளையும் மரத்தடி அரட்டையையும் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன மாதம் அக்கா மகள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. "மாமா, நான் பி.எஸ்ஸி. கணக்கு எடுத்தா தப்பா?" அவள் மனதை மாற்றச் சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார்கள். "நீ இன்ஜினியர், நீ சொன்னா கேட்பா" என்றார் அக்கா.

வீட்டில் எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். நானும் இந்தத் தாம்பரம் வளாகத்தில் மூன்று வருடம் கணக்குப் படித்தவன்தான். இன்ஜினியரிங் சீட் கிடைக்காமல், வேறு வழியில்லாமல் சேர்ந்தவன். என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். எம்.சி.ஏ. முடித்து சாஃப்ட்வேர் வேலைக்குப் போன பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை. நம் கல்லூரியின் பழைய கதை எனக்கு அப்போது தெரியாது.

நம் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல்தான் தாம்பரத்துக்கு வந்தது. அதற்கு முன் பாரிமுனைப் பக்கம், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. அங்கே கணக்குப் பேராசிரியர் இ.பி. ராஸ். கொஞ்ச தூரத்தில் துறைமுக அலுவலகம். அங்கே 1912 மார்ச் முதல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா. அவர்தான் ராமானுஜன். 1906, 1907 இரண்டு தடவையும் எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றவர். கணக்கைத் தவிர மற்ற பாடம் எதுவும் ஏறாததுதான் காரணம்.

அவரைக் கைதூக்கிவிட்டவர்களில் இன்ஜினியர்களும் உண்டு என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை! துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஓர் இன்ஜினியர். சென்னை இன்ஜினியரிங் கல்லூரியின் சிவில் பேராசிரியர் கிரிஃபித், 1912-ல் தன் பழைய ஆசிரியரான லண்டன் பேராசிரியர் ஹில்லுக்கு ராமானுஜனைப் பற்றி எழுதினார். 1913 ஜனவரியில் ராமானுஜனே ஹார்டிக்கு எழுதினார். அந்த வருடமே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1916-ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது.

ராஸ் ஒரு நாள் வகுப்புக்குள் வேகமாக நுழைந்து, ராமானுஜனுக்குப் போலிஷ் மொழி தெரியுமா என்று கேட்டதாகச் சொல்வார்கள். அப்போதுதான் தபாலில் வந்த ஒரு போலந்துக் கட்டுரையின் முடிவை ராமானுஜன் முன்கூட்டியே கண்டுபிடித்திருந்தாராம்.

அடுத்த தலைமுறையில் கதவைத் திறந்தவர் லயோலா கல்லூரியின் சார்லஸ் ரசீன் பாதிரியார். பாரிஸில் எலி கார்ட்டானிடம் ஆராய்ச்சி செய்தவர். பாடப்புத்தகத்தோடு நிற்காமல், அன்றைய புதிய கணிதத்தை பி.ஏ. ஆனர்ஸ் மாணவர்களுக்குக் காட்டினார். அவரிடம் படித்த சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் 1953-ல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1965-ல் வந்த அவர்களுடைய தேற்றம் இன்றும் உலகமெங்கும் அவர்கள் இருவர் பெயரிலேயே வழங்குகிறது.

சேஷாத்ரி சென்னைக்குத் திரும்பி வந்து, 1989-ல் ஒரு சிறிய கணிதப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் பிறகு சென்னை கணிதவியல் கழகம் ஆனது. ஆராய்ச்சி செய்கிறவர்களே இளநிலை மாணவர்களுக்கும் பாடம் நடத்தவேண்டும் என்பது அவர் எண்ணம். 1998-ல் அங்கே பி.எஸ்ஸி. வகுப்பு தொடங்கியது. 2005-ல் கழகம் சிறுசேரிக்கு இடம் மாறியது. 2020-ல் சேஷாத்ரி காலமானார்.

என் அலுவலகமும் சிறுசேரியில்தான். தினமும் அந்த வழியாகப் போகிறேன். பரீட்சை முறை வெளியே தள்ளிய ஒருவரைப் பார்த்த இதே ஊர், சேஷாத்ரி காலத்தில் கணக்குக்கென்றே ஒரு பட்டப்படிப்பை உண்டாக்கியிருக்கிறது. நடுவில் ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் கதவைத் திறந்து விட்டிருக்கிறார்.

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். வேலை கண்டிப்பாகக் கிடைக்கும் என்று பொய் சொல்லவில்லை. "சேரு. ஆனா என்னை மாதிரி வேற வழியில்லாம சேராதே, பிடிச்சுச் சேரு" என்றேன். அக்கா இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை!

இப்போது நம் வகுப்புகளில் கணக்குப் படிக்கும் தம்பி தங்கைகளே, யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். பழைய மாணவ நண்பர்களே, அடுத்த கதவு ஒருவேளை நம் கையில் இருக்கலாம். நம் வீட்டுப் பிள்ளை கேட்கும்போது அதைச் சாத்திவிடாமல் இருப்போம்.